காபி ஆறியிருந்தால் சொல்லலாமா, கூடாதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்த கூத்து இது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏரியாவில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற காபிக் கடை இருக்கிறது. பெயர் வேண்டாம். காபி போடுவது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது எல்லாமே மாற்றுத்திறனாளிகள். பெரும்பாலும் காது கேளாத பிள்ளைகள். டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பி ஒருவரும் உண்டு. செலவு போக மிஞ்சுவது இவர்களைப் போன்ற இன்னும் சிலருக்குத் தொழில் பழக்கப் போகிறது என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபில்டர் காபி ஐம்பது ரூபாய்.

அன்றைக்குக் காபி வந்தது. டபராவைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மேலே நுரை மட்டும் குறையில்லாமல் நின்றது. காபி விஷயத்தில் நான் கொஞ்சம் சள்ளை பிடித்த ஆள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபில்டர் காபிக்குச் சூடு கொடுப்பது பால்தான். டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் ஏற்றினால் கசந்துவிடும், அதனால் அது ஆறித்தான் இருக்கும். அதன் தலையில் கொதிக்கக் கொதிக்கப் பால் விழ வேண்டும். பால் வெதுவெதுப்பாக இருந்துவிட்டால் அப்புறம் எத்தனை முறை தூக்கி ஆற்றினாலும் அது காபி கலர் தண்ணிதான்.

அங்கே மேசைக்கு மேசை ஒரு சின்ன சிலேட்டும் சாக்பீஸும் இருக்கும். ‘சூடு இல்லை’ என்று எழுதிக் கையைத் தூக்கினேன்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “பாவம் சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா? நாம என்ன காபிக்காகவா இங்க வர்றோம்?”

நான் காபிக்காகத்தான் போயிருந்தேன்.

அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது உண்மை. பத்துப் பேர் திரும்பிப் பார்க்கும்போது ‘மனசாட்சி இல்லாத ஆள்’ என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போல இருந்தது. ஆனால் காபி போட்ட பெண் சிலேட்டைப் படித்தபோது அவர் முகத்தில் வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. எரிச்சல் வந்தது. என் மேல் இல்லை, காபி மேல். புறங்கையை டம்ளரில் வைத்துப் பார்த்தார். புருவத்தைச் சுளித்தார். டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வேறு காபி வந்தது. நான் முதல் வாய் குடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினேன். போய்விட்டார்.

என்ன நடந்தது என்று கடையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பிறகு சொன்னார். பால் வைத்திருந்தது இண்டக்‌ஷன் அடுப்பில். அது தானாக அணைந்துபோனால் ‘பீப் பீப்’ என்று கூவும். கூவியிருக்கிறது. அடுப்பங்கரையில் இருந்த மூன்று பேருக்கும் காது கேட்காது. எப்போது அணைந்தது என்றே தெரியாமல் அரை மணி நேரமாக அந்தப் பாலில்தான் காபி போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேராவது அந்தக் காபியைக் குடித்திருப்பார்கள். குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு காசு கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பார்கள். சரி, ஆனால் இங்கே எனக்கு யார் மாட்டைத் தானம் கொடுத்தது? ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய காபி. அதைத் தானக் கணக்கில் எழுதினால் அவர்கள் செய்த வேலை எந்தக் கணக்கில் சேரும்?

அன்றிரவு அந்தக் கடைக்கு கூகுளில் வந்திருக்கும் விமர்சனங்களைப் பொழுதுபோகாமல் படித்தேன். பெரும்பாலும் ஐந்து நட்சத்திரம். ‘கண் கலங்கிவிட்டது’, ‘நல்ல நோக்கம்’, ‘எல்லோரும் ஒரு முறையாவது போக வேண்டும்’. காபி எப்படி இருந்தது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த ‘ஒரு முறையாவது’ என்ற சொல்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு முறை வந்து கண் கலங்கிவிட்டுப் போகிறவர்களை வைத்து வாடகை கொடுக்க முடியாது. பால்காரர் தினமும் வருகிறார். தினமும் வருகிற ஆள்தான் கடைக்கும் வேண்டும். அவன் காபி நன்றாக இருந்தால்தான் வருவான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட கடைகளும் இருக்கின்றன. நம் சென்னையில் 2016இல் தொடங்கிய ரைட்டர்ஸ் கஃபேயில் தீக்காயங்களிலிருந்து மீண்ட பெண்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். அது தெரியாமலேயே கேக் சாப்பிட அங்கே போய்வந்தவர்களை எனக்குத் தெரியும். அலினா ஆலம் 2017இல் ஹூப்ளியில் தொடங்கிய மிட்டி கஃபே, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே போய்விட்டது. அங்கேயும் வேலை செய்பவர்கள் மாற்றுத்திறனாளிகள். இரண்டு வழக்குகளுக்கு நடுவே ஓடி வருகிற வக்கீல், பரிதாபப்பட்டு ஆறின காபியைக் குடிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடைகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியார் நிறுவனங்களுக்கு அப்படிக் கட்டாயம் கிடையாது, அரசு தன்னால் இயன்ற அளவுக்கு அவர்களுக்கு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆக, காது கேளாத ஒரு பெண் வேலை தேடிப் போனால் பத்து இடத்தில் ‘சொல்லி அனுப்புறோம்மா’ என்பார்கள். இந்தக் கடை சொல்லி அனுப்பவில்லை, சம்பளம் கொடுத்தது. அதனால்தான் இது மூடிவிடக் கூடாது என்று எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

விலை விஷயத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆக்ராவில் தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் அமில வீச்சிலிருந்து மீண்ட பெண்கள் 2014 முதல் நடத்தும் ஷீரோஸ் ஹேங்அவுட், மெனு கார்டில் விலையே போடாமல் தொடங்கியது. விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். முகத்தை மூடிக்கொண்டு வாழ்ந்த பெண்கள் முகத்தைத் திறந்துகொண்டு எதிரே வந்து நிற்கிற இடம் அது, அவர்களுடைய துணிச்சலுக்கு முன்னால் நான் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் விலை போட வேண்டும் என்பேன். ஒரு முறை வேறோர் ஊரில் இப்படி ‘விருப்பம் போல்’ கொடுக்கிற இடத்தில் சாப்பிட்டுவிட்டு நானும் மனைவியும் கால் மணி நேரம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். நூறு போட்டால் கஞ்சத்தனமா, ஐந்நூறு போட்டால் பந்தாவா? சாப்பிட்ட ருசியே மறந்துபோனது.

கொடுக்க ஆசையிருந்தால் அதற்கு இத்தாலியில் நேப்பிள்ஸ்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு வைத்துவிட்டுப் போவார்கள். இல்லாதவர் யாராவது வந்து, ‘பாக்கி காபி இருக்கிறதா?’ என்று கேட்டுக் குடித்துக்கொள்வார். ‘காஃபே சோஸ்பேசோ’ என்று பெயர். கொடுத்தவர் குடித்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை, செல்ஃபிக்கு வழியே இல்லை.

செல்ஃபி என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு வாரம் முன்பு எங்கள் ஏரியா கடைக்கு ஒரு பெரிய குடும்பம் பிறந்த நாளுக்கு கேக்கோடு வந்தது. பரிமாறுகிற தம்பியை நடுவில் நிறுத்தி வைத்து ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் கையில் தட்டு, தட்டில் நாலு காபி. ஆறாம் நம்பர் மேசைக்குப் போக வேண்டியவை. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, ஆறாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறுது, ஆறுது” என்று இரண்டு தடவை சொன்னார். “சோ ஸ்வீட்” என்றார்கள்.

நிர்வாகத்திடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொருவரின் சோகக் கதையையும் படத்தோடு சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சம்மதம் கேட்டுத்தான் மாட்டியிருப்பார்கள். ஆனால் வேலைக்கு வந்த இடத்தில் தினமும் தன் சோகத்துக்குக் கீழேயே நின்று காபி ஆற்றுவது யாருக்குப் பிடிக்கும்? அதற்குப் பதிலாக அந்த மாதம் எவ்வளவு விற்றது, சம்பளம் எவ்வளவு போனது, பயிற்சிக்கு எவ்வளவு மிஞ்சியது என்று நாலு வரி எழுதிப் போடலாம். நான் அதைத்தான் ஆவலாகப் படிப்பேன். அந்த அம்மாவிடம் சொன்னேன். “யோசிக்கிறோம்” என்றார். படங்கள் இன்னும் இருக்கின்றன.

அடுப்பு மட்டும் மாறிவிட்டது. இப்போது கேஸ் அடுப்பு, கண்ணுக்கு நேரே. காபி சுடச்சுட வருகிறது. அந்தப் பெண் என் மேசையில் வைத்துவிட்டு ஒரு கணம் புருவத்தைத் தூக்குவார், நான் டபராவைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக் காட்டுவேன்.

நேற்று ஃபோன் பேசிக்கொண்டே கல்லாவில் ஸ்கேன் செய்து பணம் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். ஸ்பீக்கர் பெட்டி எவ்வளவு என்று அறிவித்ததை நான் கவனிக்கவில்லை. கல்லாவில் இருந்த அவருக்கு அது கேட்காது, எதிரே சாய்த்து வைத்திருக்கும் கடை ஃபோனில் கண்ணை வைத்திருந்தார். டக் டக் டக் என்று மேசையைத் தட்டும் சத்தம். திரும்பினேன். சிலேட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார், ‘10’ என்று பெரிதாக எழுதியிருந்தது. நாற்பதுதான் போட்டிருக்கிறேன். திரும்பி வந்து பத்து ரூபாய் போட்டேன். திரையைப் பார்த்தார். சிலேட்டை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துத் தலையசைத்தார்.