ஓ.பி.யிலும் சொல்லித்தரலாம்

ஆஸ்பத்திரியின் ஓ.பி. (வெளிநோயாளிகள் பிரிவு) கூட்டத்தில் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தர நேரம் ஏது என்று, மருத்துவக் கல்வி பற்றிக் கட்டுரை எழுதிய ஒருவர் கேட்கிறார். நேரம் குறைவுதான். ஆனால் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் 1992-லேயே இதற்கு ஒரு ‘ஒரு நிமிட’ முறையை எழுதிவைத்தார்கள். மாணவர் கேஸ் சொன்னதும், “உனக்கு என்ன தோணுது?” என்று கேட்க வேண்டும். அடுத்து, “எதை வைத்துச் சொல்கிறாய்?” அப்புறம் ஒரே ஒரு பொது விதி, சரியாகச் செய்ததற்குப் பாராட்டு, தவறுக்குத் திருத்தம். அவ்வளவுதான்.

நம்மிடம் முதல் கேள்வியே வருவதில்லை. மூன்று வாரமாக இருமல் என்று ஒருவர் வருகிறார். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) வாயைத் திறக்குமுன், “சளி டெஸ்ட் எழுதுப்பா” என்று சீனியர் சொல்லிவிடுவார். பையன் சீட்டு எழுதப் பழகுகிறான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மனதில் பதிவதில்லை. பாராட்டும் வெறும் “குட்”தான். “எடை குறைந்ததா என்று கேட்டாயே, அது சரி” என்றால் அடுத்த நோயாளியிடமும் கேட்பான்.

பேராசிரியர்களுக்கான கற்பித்தல் பயிற்சியை ஏசி அறையில் ஸ்லைடு போட்டு நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சக ஆசிரியர் ஒருவர் ஓ.பி.யில் ஓரமாக உட்கார்ந்து கவனித்து, பிறகு டீ குடிக்கும்போது பார்த்ததைச் சொன்னாலே போதும்.