ஆர்ஜி-58 என்று அச்சடித்துவிட்டால் போதுமா?

நடுக்கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதன்மேல் உலோகப் பின்னல் என்று அமைந்த கோஆக்சியல் கேபிளை விற்பவர்கள்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உறைமேல் 'ஆர்ஜி-58, 50 ஓம்' என்று பளிச்சென்று அச்சு. முதலாவது கேபிளின் வகை எண், அடுத்தது அதில் ஓடும் சிக்னல் சந்திக்கும் தடையின் அளவு (இம்பிடன்ஸ்). பிளேடால் உறையைச் சுற்றி உரித்தால், பின்னல் என்ற பெயரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இழைகள். இடையில் வெள்ளை பாலிஎத்திலீன் பல்லிளிக்கிறது. நடுக்கம்பிக்குக் காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்கிறது! செப்பு பூசிய இரும்பு. அலுமினியத்தின்மேல் செப்பு பூசி விற்பவர்களும் உண்டு. அது காந்தத்திலும் மாட்டாது.

ஒழுங்கான ஆர்ஜி-58 சி/யு என்றால் நடுவில் வெள்ளீயம் பூசிய 19 செப்பு இழைகள், சுற்றிலும் 95 சதவீதம் மூடிய பின்னல். அளக்கும் கருவியைச் சர்க்யூட்டோடு இணைக்கும் டெஸ்ட் லீடுக்கு அதுதான் வேண்டும். நாள் முழுக்க வளைந்து, முறுக்கி, இழுபடுகிற ஒயர் அது. ஒற்றைக் கம்பி வகைக்கும் ஆர்ஜி-58 என்றே பெயர் என்பதால், எதைக் கொடுத்தாலும் விற்பவர் தப்பித்துக்கொள்கிறார். இந்த எண்கள் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவப் பட்டியலில் பிறந்தவை. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எதன்மேலும் அச்சடிக்கலாம்.

கனெக்டர் கதை இதைவிட மோசம். பாக்கெட்டில் 'பிஎன்சி' என்று, திருகிப் பூட்டும் கனெக்டர் வகையின் பெயர் மட்டும் போட்டிருக்கும். எந்தக் கேபிளுக்கு? ஆர்ஜி-58 சுமார் 5 மி.மீ., ஆர்ஜி-59 சுமார் 6 மி.மீ., ஆர்ஜி-174 மூன்று மி.மீ.க்கும் கீழே. 59-க்கான கனெக்டரின் வளையத்தை 58-இல் நசுக்கிப் பொருத்தினால் (கிரிம்ப்) கையால் திருகினாலே சுற்றுகிறது. கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்"! எப்படி ஒன்றாகும்? 58-இன் 50 ஓம் கனெக்டரும் 59-இன் 75 ஓம் கனெக்டரும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆடியோ சிக்னலில் வித்தியாசம் தெரியாது. வேகமாக ஏறும் பல்ஸை அனுப்பிப் பாருங்கள், 50 ஓமிலிருந்து 75 ஓமுக்கு மாறும் இடத்தில் வோல்டேஜில் 20 சதவீதம் திரும்பி வரும்.

சிக்னலை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் திரையில் அலை துள்ளும். உடனே சர்க்யூட்மேல்தானே சந்தேகம் வரும்? கெபாசிட்டரை மாற்றி, ஐசியை மாற்றி, நல்ல போர்டைக் குதறிப்போடுகிறோம். குற்றவாளியோ லீட்! அளக்கிற ஒயரே பொய் சொன்னால் எதை நம்பி வேலை பார்ப்பது?

சாலிடர் சூட்டுக்கு உருகாத டெஃப்லான் வேண்டுமென்று ஆர்ஜி-316-க்குப் போனாலும், வாங்கினதும் ஒரு துண்டை வெட்டி சாலிடர் அயர்னை வைத்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நடுக்கம்பி என்ன உலோகம், பின்னல் எத்தனை சதவீதம், வளையம் எந்தக் கேபிளுக்கு என்று மூன்று வரி அச்சடியுங்களய்யா. அந்த மை என்ன அவ்வளவு விலையா?