சிறிய ஊர்களுக்கும் வீதியோரத்தில் ஒரு பெயர்ப்பலகை வேண்டும்

திருகோணமலை மாவட்டத்துக்கு அதிவேக நெடுஞ்சாலை இல்லை. நமக்கு நெடுஞ்சாலை என்றால் அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் ஏ6 வீதியும், புத்தளத்திலிருந்து அநுராதபுரம், ஹொரவப்பொத்தானை வழியாக வரும் ஏ12 வீதியும், மட்டக்களப்பிலிருந்து வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக வரும் ஏ15 வீதியும், வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கரையோரமாகச் செல்லும் வீதியும்தான். கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போகிறவருக்கு வெளியேறும் வாயில் எதுவோ, அதுவே நமக்குச் சந்தி. அந்தச் சந்திகளில் பலவற்றில், உள்ளே இருக்கும் சிறிய ஊரின் பெயரைச் சொல்லும் பலகை இல்லை. இருக்கும் இடங்களிலும் அது திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படுகிறது, அல்லது அதன் தமிழ் வரி வாசிக்க முடியாமல் இருக்கிறது. இது ஒரு சின்ன விடயம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

எனது தாயாரின் ஊர் ஏ6 வீதியிலிருந்து உள்ளே விலகி வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஊரின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன், ஏனென்றால் எழுதினால் இது ஓர் ஊரின் முறைப்பாடாகச் சுருங்கிவிடும். இதே நிலையில் உள்ள ஊர்கள் தம்பலகாமம் பக்கமும் உண்டு, மூதூர் பக்கமும் உண்டு, கோமரங்கடவல பக்கமும் உண்டு, அங்கே வாழ்பவர்கள் தமிழர்களாகவும் முஸ்லிம்களாகவும் சிங்களவர்களாகவும் இருக்கிறார்கள். வீதியை அகலமாக்கிக் காப்பெற் போடுவதற்கு முன்பு அந்தச் சந்தியில் ஒரு பழைய பலகை நின்றது. வேலைக்காக அதைப் பிடுங்கினார்கள். வேலை முடிந்தது, வெள்ளைக் கோடு போட்டார்கள், மதகுக்குப் புதுக் கட்டு வைத்தார்கள். பலகை மட்டும் திரும்பி வரவில்லை. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்த ஊர்ப் பொடியன்கள் ஒரு தார்ப் பீப்பாயின் மூடியை எடுத்துத் தட்டிச் சீராக்கி, நீல எனாமல் பூசி, அதன் மேல் வெள்ளையில் ஊர்ப் பெயரை எழுதிச் சந்தியில் நிற்கும் வேப்பமரத்தில் அடித்தார்கள். முதல் மூன்று எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன, இடம் போதாமல் கடைசி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓரத்தில் நெருங்கி நிற்கின்றன. கந்தளாயிலிருந்து வருபவருக்கு அது தெரியும். திருகோணமலையிலிருந்து வருபவருக்கு மூடியின் துருப்பிடித்த முதுகுதான் தெரியும். அந்தப் பிள்ளைகளின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அரசின் வீதியில் ஓர் ஊரை அடையாளம் காட்டும் பொறுப்பு அந்த ஊர்ப் பிள்ளைகளின் கையில் விடப்பட்டிருப்பது சரியல்ல.

பலகை இல்லாததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவில் யாருக்காவது நெஞ்சு வலி என்று 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தால், வீட்டில் ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்கு ஓடி, விளக்கைப் போட்டுக்கொண்டு வீதியோரத்தில் காத்து நிற்பது எங்கள் ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். தனியே வாழும் முதியவர் என்ன செய்வார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்ற வரும் வெளியூர் லொறி சந்தியைத் தாண்டிப் போய், திருப்ப இடமில்லாமல் அடுத்த சந்திவரை ஓடித் திரும்பி வருகிறது. கல்யாணத்துக்கு வரும் பஸ்ஸும் அப்படித்தான். சந்தித் தேநீர்க் கடைக்காரர் நாள் முழுவதும் வழி சொல்லிக்கொண்டிருக்கிறார், அதை அவர் சலிக்காமல் செய்கிறார்; ஆனால் கடை பூட்டிய பிறகு அந்தச் சந்தியில் வாய் திறந்து வழி சொல்ல எவரும் இல்லை.

கைபேசியில் வரைபடம் இருக்கும்போது பலகை எதற்கு என்ற கேள்வியை இப்போது அதிகமாகக் கேட்கிறேன். வரைபடம் உதவுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வாகனம் ஓட்டிக்கொண்டிருப்பவர் கைபேசியைக் குனிந்து பார்ப்பதை விட நிமிர்ந்து வீதியைப் பார்ப்பதே பாதுகாப்பு. உள்ளூர் வீதிகளில் பல இடங்களில் சிக்னல் அறுந்துவிடுகிறது. வரைபடத்தில் ஊரின் பெயர் ஒரு விதமாகவும், தபாற்கந்தோரில் இன்னொரு விதமாகவும், ஊரார் வாயில் வேறு விதமாகவும் இருந்தால், தேடுபவர் எதைத் தட்டச்சு செய்வார்? சந்தியில் நிற்கும் பலகைக்குப் பற்றரியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். கைபேசி காட்டும் வழி சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்கும் அந்தப் பலகைதான் தேவைப்படுகிறது.

ஒரு பலகையால் ஓர் ஊருக்கு என்ன நடக்கும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 2011இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்படுவதற்கு முன்பு குருந்துகஹஹெதெக்ம என்ற பெயரைக் கிழக்கில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? வெலிப்பன்னவை யாருக்குத் தெரியும்? இன்று அந்த வழியில் ஒரு தடவை போய்வந்த நம்மூர்ச் சாரதிக்குக்கூட அந்தப் பெயர்கள் வரிசையாக மனப்பாடம். அந்த ஊர்கள் பெரிதாக வளர்ந்ததால் இது நடக்கவில்லை. வெளியேறும் இடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில், மூன்று மொழியில், முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு அந்த வீதியில் இருந்ததால் நடந்தது. நமது ரயில் பாதையிலும் அதே ஒழுங்கு உண்டு. கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று வரும் நிலையங்களில் ஏறுபவர் இருவரோ இருநூறு பேரோ, மேடையில் மூன்று மொழியில் பெயர் எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். ரயிலில் வருபவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை வீதியால் வருபவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வில்லியம்ஸ் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. பழைய 66ஆம் இலக்க நெடுஞ்சாலை அந்த நகரத்தின் நடுவாலேயே போனது. 40ஆம் இலக்கப் பெருவீதியை நகரத்துக்கு வெளியே அமைக்க முற்பட்டபோது, தங்களை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள் என்று நகரத்தார் வழக்குப் பேசினார்கள். புதிய வீதியிலிருந்து நகரத்துக்கு மூன்று வெளியேறும் வழிகள் அமைத்துத் தருவதாக மாநிலம் ஒப்புக்கொண்ட பிறகே இணங்கினார்கள். 1984 ஒக்டோபரில் புதிய பாதை திறக்கப்பட்டது. 66ஆம் நெடுஞ்சாலையில் இப்படி ஒதுக்கப்பட்ட கடைசி நகரம் அதுதான். வேகமாகப் போகும் வீதியிலிருந்து தங்கள் ஊருக்குத் திரும்பும் வழி தெளிவாக இருப்பது தங்கள் பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். நாமோ ஒரு பலகையைக் கேட்பதற்கே கூச்சப்படுகிறோம்.

இனிப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏதோ ஒன்றை நட்டுவிட்டால் போதும் என்ற எண்ணமும் தவறானது. ஊர்மனைக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு வாகனம் ஒவ்வொரு செக்கனுக்கும் 19 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகிறது. அமெரிக்க வீதிச் சமிக்ஞைக் கையேட்டின் கணக்குப்படி ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தை 30 அடி தூரத்திலிருந்து வாசிக்கலாம். அப்படியானால் ஆறு அங்குல எழுத்து ஏறத்தாழ 55 மீற்றரில்தான் வாசிக்கத் தெரியவரும், அதாவது சாரதிக்குக் கிடைப்பது மூன்று செக்கனும் இல்லை. அதற்குள் வாசித்து, பின்னால் வரும் வாகனத்தைக் கண்ணாடியில் பார்த்து, சமிக்ஞை போட்டு, வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். இது முடியாத காரியம். பிரித்தானிய மோட்டார் வீதிகளில் வெளியேறும் இடத்துக்கு ஒரு மைலுக்கு முன்பு ஒரு பலகையும் அரை மைலுக்கு முன்பு இன்னொன்றும் வைப்பது இதனால்தான். நமது ஏ தர வீதிகளுக்கு மைல் கணக்கில் வேண்டியதில்லை. சந்திக்கு 200 மீற்றர் முன்பு இரு திசையிலும் ஒவ்வொன்றும், சந்தியிலேயே அம்புக்குறியோடு ஒன்றும் இருந்தால் போதும்.

எழுத்தின் வடிவமும் இதே அளவுக்கு முக்கியம். 1958இல் பிரித்தானியாவின் முதல் மோட்டார் வீதியான பிரெஸ்டன் புறவழி திறக்கப்பட்டபோது, அதன் பலகைகளுக்கென்றே ஜொக் கின்னியரும் மார்கரெட் கல்வெர்ட்டும் ஒரு தனி எழுத்துருவை வடிவமைத்தார்கள். ஓடும் வாகனத்திலிருந்து எந்த எழுத்து வாசிக்க முடிகிறது என்பதை அவர்கள் ஒரு பெரிய கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். நமது பலகைகளில் தமிழுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. மூன்று வரிக்கும் ஒரே உயரம் கொடுத்தால் நீதி செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஆனால் தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் ஏறுகின்றன, கீழே உகரச் சுழி இறங்குகிறது. அவை எல்லாவற்றையும் அந்த உயரத்துக்குள் அடக்கும்போது எழுத்தின் உடல் சிறுத்துப்போகிறது. ஆங்கிலத்தில் தலையெழுத்துகள் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நிற்கும்போது, அதே அளவில் எழுதிய ஈச்சிலம்பற்று என்ற பெயரில் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. பெயர் நீளமாக இருந்தால் கணினியில் பக்கவாட்டில் நெருக்கி ஒடுக்கிவிடுகிறார்கள். பிறகு னகரமும் ணகரமும் தூரத்திலிருந்து ஒன்றாகவே தெரியும். தமிழ் வரிக்குக் கூடுதல் உயரமும் தடித்த கோடும் பரந்த இடைவெளியும் வேண்டும். பலகையைச் சற்று அகலமாகச் செய்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும்.

இது ஏன் நடப்பதில்லை என்று பார்த்தால், ஒருவரிடம் முழுப் பொறுப்பும் இல்லை என்பது தெரிகிறது. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண சபைக்குரியவை. ஊருக்குள் போகும் வீதிகளில் பெரும்பாலானவை பிரதேச சபையின் பொறுப்பு. ஊருக்குத் திரும்பும் வீதி பிரதேச சபையுடையது, ஆனால் அதைக் காட்டும் பலகை நிற்க வேண்டிய நிலம் தேசிய நெடுஞ்சாலையின் ஓரம். நான் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது உள்வீதிக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றார்கள். மற்ற அலுவலகத்தில் கேட்டபோது பெருவீதியோரத்தில் அவர்கள் எதையும் நட முடியாது என்றார்கள். இருவர் சொன்னதும் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஊர் அந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில் விடுபட்டுப் போகிறது. சுற்றுலா விடுதிகளின் விளம்பரப் பலகைகள் மட்டும் அதே வீதியோரத்தில் தாராளமாக நிற்கின்றன. நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வரட்டும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தேடி வருபவர்கள் வழி தவறாமல் போகட்டும், அதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த வீதியிலேயே வாழ்நாள் முழுவதும் வரி கட்டி வாழும் ஊருக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே எனது கேள்வி.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதைப் பற்றிப் பேசியபோது, "தம்பி, அந்தக் காலத்தில எங்கட ஊர் ஆருக்கும் தெரியாமல் இருந்ததுதான் நிம்மதி" என்றார். அதை மறுத்துப் பேச என்னால் முடியவில்லை. யுத்த காலத்தில் பலகைகள் பல அழிந்தன, அழிந்தவற்றைத் திரும்ப நடும்படி கேட்கவும் ஒருவரும் துணியவில்லை, அறிமுகமில்லாத வாகனம் ஊருக்குள் திரும்பினாலே வீட்டுக் கதவுகள் மூடிக்கொண்டன. பெயர் தெரியாமல் வாழ்வதை ஒரு தலைமுறை பாதுகாப்பாகக் கற்றுக்கொண்டது. ஆனால் 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, பாதைப் படகுக்காகக் காத்து நிற்பதை மறந்து வளர்ந்த ஒரு தலைமுறையும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்குப் போகிறார்கள், அங்கே எந்த ஊர் என்று கேட்டால் திருகோணமலை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். தங்கள் ஊரின் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அதுதான் அதிகமாக வலிக்கிறது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கிராம அலுவலர்கள் தங்கள் பிரிவுக்குத் திரும்பும் சந்திகளை எழுதித் தந்தால் பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பட்டியலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் மேசையில் வைத்து, உள்வீதி யாருடையதாக இருந்தாலும் பெருவீதியோரப் பலகையை ஒரே நிறுவனம் நடுவதென்று ஒரு முடிவு எடுக்க வேண்டும். இனி வீதி வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, பிடுங்கிய பலகைகளைத் திரும்ப நட்டு முடித்ததற்குக் கிராம அலுவலரின் கையொப்பம் இருந்தால்தான் கடைசிக் கொடுப்பனவு என்று ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். பலகையை அச்சிடுவதற்கு முன்பு அதன் தமிழ், சிங்கள, ஆங்கில வரிகள் மூன்றையும் அந்த ஊர்ப் பாடசாலை அதிபரிடம் ஒரு தாளில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். பிழையோடு அச்சாகி நட்ட பலகையைப் பிறகு மாற்ற வைப்பது இல்லாத பலகையைக் கேட்டு வாங்குவதை விடக் கடினம்.