ஃபோர்க்லிஃப்ட் சாய்ந்தால் குதிக்கலாமா?

"ஃபோர்க்லிஃப்ட் கவிழப் போகுதுன்னு தெரிஞ்சா உடனே குதிச்சிடுங்க" என்று, சரக்கு தூக்கும் இந்த வண்டியைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் அப்படிக் குதிப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

குதிப்பவர் பெரும்பாலும் வண்டி சாயும் பக்கமே விழுவார். தலைக்கு மேலிருந்த இரும்புக் கூண்டு அவர் மேலேயே இறங்கும். 2.5 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே பொதுவாக 3.5 டன்னைத் தொடும். ஓடித் தப்ப நேரம் இருக்காது.

பெல்ட்டோடு சீட்டிலேயே இருங்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சாயுங்கள். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்வதும் இதையே. (அலாரம் கத்தாமலிருக்க பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவைக்கும் கெட்டிக்காரர்களை என்ன சொல்ல!) நின்றபடி ஓட்டும், பின்பக்கம் திறந்த வண்டியில் மட்டும் பின்னோக்கி இறங்கிவிட வேண்டும்.

அதே செய்தியில் இன்னொன்று: "காலி வண்டி கவிழாது." கவிழும். சுமை இல்லாதபோது எடையின் மையம் பின்னால் போகிறது. முன் சக்கரம் இரண்டும் பின் அச்சின் நடுவும் சேர்ந்த முக்கோணத்துக்குள் அந்த மையம் இருக்கும்வரைதான் வண்டி நிற்கும்; அதில் பின்பக்கம்தான் குறுகலான இடம். வேகமாக ஒடித்துத் திருப்பினால் போதும்.