கண்டுகொள்ளாமல் விட்டால் கேலி தானாக நிற்குமா?

"பள்ளியில் யாராவது மிரட்டினால் பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும், தானாக நின்றுவிடும். ஆசிரியரிடம் சொன்னால்தான் பெரிதாகும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, பிள்ளையின் வாயை அடைக்கிற தவறு.

1970களிலேயே இதை ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ், பலம் சமமில்லாத இருவருக்கிடையே திரும்பத் திரும்ப நடப்பதையே கொடுமைப்படுத்தல் என்றார். அப்படியிருக்க, பலம் குறைந்த பிள்ளை தனியாகப் பொறுத்துப்போனால் மிரட்டுபவர் ஏன் நிறுத்தப்போகிறார்? இதைத் தடுக்க நார்வேயில் 1983இல் அவர் தொடங்கிய திட்டத்தில், பெரியவர்கள் விடாமல் தலையிட்ட பள்ளிகளில் கொடுமைப்படுத்தல் குறைந்தது.

கூடப் படிக்கிறவர்களின் பங்கும் பெரிது. கனடாவில் ஆய்வாளர்கள் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்து, முடிவை 2001இல் வெளியிட்டார்கள். சக மாணவர் குறுக்கிட்ட சம்பவங்களில் 57 சதவீதம் பத்தே நொடிக்குள் நின்றன. ஆனால் குறுக்கிட்டது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான சம்பவங்களில்தான்.

பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால் உடனே டியூஷன் தேடாதீர்கள், காரணம் மிரட்டலாகவும் இருக்கலாம். "வகுப்பில் உன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்?" என்று கேளுங்கள். பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது. நடந்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள், போனில் வந்த மிரட்டலை அழிக்காதீர்கள், இரண்டையும் வகுப்பாசிரியரிடம் நேரில் காட்டுங்கள்.