காதில் சுருளும் குழாய் ஒட்டுக்கேட்பைத் தடுக்குமா?

"மெய்க்காவலர்கள் கம்பியுள்ள காதுக்கருவி அணிவது, பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காகத்தான்" என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. தவறு. கம்பி இடுப்பிலுள்ள வாக்கி டாக்கியோடு முடிந்துவிடுகிறது; அதற்குப் பின் பேச்சு ரேடியோ அலையாகக் காற்றில்தான் போகிறது. அதைக் காப்பது மறையாக்கம், அதாவது பேச்சைப் பிறருக்குப் புரியாத சங்கேதமாக மாற்றி அனுப்புவது. அது இல்லாவிட்டால் கம்பி இருந்தும் பயனில்லை.

காதுக்குப் பின்னால் சுருண்டிருக்கும் அந்தக் கண்ணாடி போன்ற பகுதி கம்பியே அல்ல. உள்ளீடற்ற பிளாஸ்டிக் குழாய். அதன் அடியிலுள்ள சிறு ஒலிபெருக்கியின் சத்தம், ஸ்டெதாஸ்கோப்பில் வருவதுபோலக் காற்றின் வழியே காதுக்கு ஏறுகிறது.

கம்பியை விடாததற்குக் காரணம் சாதாரணமானது. புளூடூத் கருவிக்குத் தனி பேட்டரி வேண்டும். பணி நடுவே தீர்ந்தால்? பெருங்கூட்டத்தில், அது இயங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் முண்டியடிக்கும். கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை.