ஆறு தோட்டா, பதினெட்டு கையிருப்பு

ஹாஃப்-லைஃப் என்ற கணினிச் சுடும் விளையாட்டை விளையாடுகிறவர்கள் பேச ஆரம்பித்தால் இந்த வாதம் எப்படியும் வந்துவிடும். "357 மேக்னம் ரிவால்வர் பார்க்க அழகு, சத்தமும் அழகு. ஆனால் தேவையில்லாத துப்பாக்கி. கிட்டத்தில் ஷாட்கன் இருக்கிறது, தூரத்துக்கு அம்பு எய்யும் கிராஸ்போ இருக்கிறது, நடுவில் சரமாரியாகச் சுடும் எஸ்எம்ஜி இருக்கிறது. இது எதற்கு?" போன வாரம் நண்பர் ஒருவர் இதையேதான் சொன்னார். அவருக்கு இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தொடரிலேயே நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட ஆயுதம் மேக்னம்தான் என்பது என் கட்சி. ஹாஃப்-லைஃப் 2 என்றாலே எல்லோரும் சொல்லும், பொருட்களை இழுத்து எறியும் கிராவிட்டி கன்னையும் கணக்கில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

1998இல் வந்த முதல் விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். பிளாக் மேசா ஆய்வகத்துக்குள் ராணுவம் இறங்கியதும் ஆட்டத்தின் தன்மையே மாறிவிடும். அதுவரை தலைக்கவ்விகளையும் ஜாம்பிகளையும் சமாளித்துக்கொண்டிருந்த நமக்கு, கூட்டாகப் பேசி, சுற்றி வளைத்து, கையெறிகுண்டு வீசும் சிப்பாய்கள் எதிரே நிற்பார்கள். சாதாரண நிலையில் அவர்களுக்கு 50 ஹெல்த், அதாவது உயிர்ப் புள்ளி. நம் 9 எம்எம் பிஸ்டலின் தோட்டாவுக்கு 8 டேமேஜ், அதாவது பட்டால் அவ்வளவு புள்ளி குறையும். சரி, தலையில் சுடலாம் என்று பார்த்தால் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்துப் போகும். தெறிப்பது வெறும் காட்சி இல்லை. விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் வெளியிட்ட மூலநிரலைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும்: ஹெல்மெட்டில் படும் குண்டின் டேமேஜிலிருந்து 20 கழிக்கப்படுகிறது. 8லிருந்து 20 போனால் மிச்சம் ஏது? அதனால்தான் அந்த 'டிங்' சத்தம்.

மேக்னத்தின் டேமேஜ் 40. ஹெல்மெட் 20ஐ எடுத்துக்கொண்டாலும் 20 மிஞ்சும். தலையில் பட்டதால் அது மூன்று மடங்காகி 60 ஆகும். 50 ஹெல்த் உள்ள சிப்பாய் அங்கேயே விழுவான். பிஸ்டலால் சுட்டு ஹெல்மெட் காப்பாற்றியதைப் பார்த்தவனுக்கு, அதே ஹெல்மெட்டை மேக்னம் உடைத்துப் போவதைப் பார்க்கும்போது ஏற்படும் உணர்வு தனி. எந்த எண்ணும் திரையில் தோன்றுவதில்லை, யாரும் விளக்குவதும் இல்லை. ஒரு சத்தம் நின்றுபோய் வேறு சத்தம் வருகிறது, விஷயம் புரிந்துவிடுகிறது. மின்னலை ஏவுவதற்குக் கைகளைத் தூக்கும் வோர்டிகான்ட் என்ற வேற்றுலக உயிர்களுக்கும் இதே கதிதான். அவற்றுக்கு 30 ஹெல்த், மேக்னத்தில் ஒரே குண்டு. அந்த மின்சாரம் ஏறும் ஒலி கேட்கத் தொடங்கி முடிவதற்குள் நிதானமாக ஒரு முறை விசையை அழுத்தினால் போதும். பிஸ்டல் என்றால் நான்கு குண்டு பட வேண்டும், அதற்குள் மின்னல் வந்துவிடும்.

தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியிருக்கும்போது மேக்னம் சுடாது. பிஸ்டல் சுடும். மிகச் சின்ன விஷயம், ஆனால் எளிய பிஸ்டலுக்கு அதன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2. என் வாதத்தின் மையம் இங்கேதான். முதல் ஆட்டத்தில் மேக்னத்துக்கு 40 டேமேஜ், கையிருப்பாக 36 தோட்டா வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் டேமேஜ் 75, கையிருப்பு 18. பெருக்கிப் பாருங்கள். அங்கே 1440, இங்கே 1350. கிட்டத்தட்ட அதே மொத்தம். அதாவது துப்பாக்கியின் மொத்த பலத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைப் பாதி எண்ணிக்கையிலான தோட்டாக்களுக்குள் அடைத்திருக்கிறார்கள். இதைத் திட்டமிட்டே செய்தார்களா என்று நான் வாதிடப் போவதில்லை. விளையாடும் கைக்கு வந்து சேர்வது என்ன என்பதுதான் முக்கியம்: ஒவ்வொரு தோட்டாவும் இரண்டு மடங்கு கனமாகிவிட்டது.

எஸ்எம்ஜியோடு ஒப்பிட்டால் இன்னும் வியப்பு. அதன் கையிருப்பு 225, ஒரு குண்டுக்கு டேமேஜ் 4. எல்லாம் குறி தவறாமல் பட்டாலும் 900தான். பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு திரியும் அந்த 225 குண்டுகளைவிட, சட்டைப் பையில் அடங்கிவிடும் 18 தோட்டாக்களில் அழிவு அதிகம். எஸ்எம்ஜியின் குண்டுகள் சிதறிப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்னத்துக்கு அந்த ஆட்டத்தில் சிதறலே கிடையாது. குறி எங்கே இருக்கிறதோ குண்டு அங்கே. "தேவையில்லாத துப்பாக்கி" என்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கிராஸ்போ இருக்கிறதே என்றால், இருக்கிறது. டேமேஜ் 100, தொலைநோக்கியும் உண்டு. ஆனால் அதன் அம்பு பறந்து போய்ச் சேர நேரம் எடுக்கும், போகப் போகத் தாழும், ஒரு முறை எய்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எதிரிக்கு அது சரிப்படாது. மேக்னம் அழுத்திய கணத்திலேயே பட்டுவிடும்.

எண்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் துப்பாக்கி கையில் தரும் உணர்வைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் முக்கால் விநாடி காத்திருக்க வேண்டும். சுட்டதும் பார்வை மேலே எகிறிக் கீழே இறங்கும். இறங்கிய பிறகும் குறி சரியாகப் பழைய இடத்தில் நிற்காது. கொஞ்சம் தள்ளி நிற்கும்படி நிரலிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே பழக்கத்தில் தட்டிக்கொண்டே போக முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறி பார்க்க வேண்டும். குண்டு பட்ட சிப்பாய் விழும்போது அவன் உடையில் உள்ள கருவியிலிருந்து அந்த நீண்ட ஒற்றை 'பீப்' ஒலி வரும். மேக்னத்தின் வெடிச்சத்தம் அடங்கிய அமைதியில் அது கேட்கும்போது உண்மையிலேயே உடம்பு சிலிர்க்கும். மற்ற துப்பாக்கிகளில் அந்த ஒலி நம்முடைய சத்தத்திலேயே மூழ்கிப்போகும்.

அப்புறம் ரீலோட். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், துப்பாக்கியை நிமிர்த்தியதும் காலி உறைகள் உதிரும், வட்டமாகக் கோத்த ஆறு புதிய தோட்டாக்கள் ஒரே அழுத்தில் உள்ளே போகும். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. நீங்கள் ஒன்றே ஒன்று சுட்டிருந்தாலும் ஆறு உறைகள் கீழே விழும். சுடாத ஐந்து தோட்டா கணக்கில் பத்திரமாக இருக்கும். பொருளின் எடைக்கும் மிதப்புக்கும்கூட அவ்வளவு மெனக்கெட்ட ஓர் ஆட்டத்தில், நான்கு உறை விழ வேண்டிய இடத்தில் நான்கு விழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இந்தத் துப்பாக்கியின் மூலம் கோல்ட் பைத்தான். அது 1955இல் விற்பனைக்கு வந்தது. 357 மேக்னம் தோட்டா அதற்கும் முந்தியது, 1935. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 38 ஸ்பெஷல் தோட்டாவின் உறையைக் கொஞ்சம் நீளமாக்கி அதை உருவாக்கினார்கள். நீளமாக்கியதற்கு ஒரு பாதுகாப்புக் காரணம் உண்டு: இந்த வலுவான தோட்டா பழைய, பலம் குறைந்த ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது. அப்படிப் பார்த்தால் இதன் பிறப்பிலேயே 'எல்லா இடத்திலும் என்னைப் போடாதே' என்ற குணம் இருக்கிறது.

அந்தக் குணத்தை ஹாஃப்-லைஃப் காப்பாற்றியது. எல்லா ஆட்டங்களும் காப்பாற்றவில்லை. 1999இல் வந்த ஆப்போசிங் ஃபோர்ஸ் என்ற ஹாஃப்-லைஃப் விரிவாக்கம் மேக்னத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெசர்ட் ஈகிள் பிஸ்டலை வைத்தது. ஏழு குண்டு, லேசர் புள்ளி. நல்ல துப்பாக்கிதான், ஆனால் ரிவால்வரின் நிதானம் அதில் இல்லை. 2001இல் புளூ ஷிஃப்ட் என்ற அடுத்த விரிவாக்கம் மேக்னத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

இதைவிடப் பெரிய பாடம் கவுன்டர்-ஸ்டிரைக் என்ற வேறொரு சுடும் விளையாட்டில் கிடைத்தது. 2015 டிசம்பரில் குளோபல் அஃபென்சிவ் ஆட்டத்தில் ஆர்8 ரிவால்வரைச் சேர்த்தார்கள். எதிரியின் உடம்பில் பட்டாலே ஒரே குண்டில் வீழ்த்தும் பலம், விலையோ பிஸ்டல் விலை. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோர் கையிலும் அதுதான். சில நாட்களிலேயே பலத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. பலமான ரிவால்வர் கெட்ட யோசனை என்று இதற்கு அர்த்தமில்லை. மேக்னத்தின் பலத்தைத் தாங்கிப் பிடிப்பது அதன் பற்றாக்குறை. பற்றாக்குறையை எடுத்துவிட்டால் பலம் ஆட்டத்தையே தின்றுவிடும். வெலோரன்ட் என்ற விளையாட்டில் உள்ள ஷெரிஃப் ரிவால்வர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ஆறு குண்டு, 800 கிரெடிட். முதல் சுற்றில் அதை வாங்கினால் கவசத்துக்குக் காசு இருக்காது. அங்கே தோட்டாவுக்குப் பதில் காசு பற்றாக்குறை.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மேக்னம் தேவையில்லை என்று பலருக்குத் தோன்றுவது ஏன்? அவர்கள் அதைச் சுடுவதே இல்லை, அதுதான் காரணம். "பெரிய எதிரி வரும்போது வைத்துக்கொள்ளலாம்" என்று பொத்திப் பொத்தி வைப்பார்கள். ஆனால் ஹாஃப்-லைஃப் 2இல் உண்மையான பெரிய எதிரிகள் மேக்னத்துக்கானவை இல்லை. ஸ்டிரைடருக்கும் கன்ஷிப்புக்கும் ராக்கெட்தான் வேண்டும். ஆன்ட்லையன் கார்டுக்கு 500 ஹெல்த், ஏழு குண்டு போகும். இந்தத் துப்பாக்கி படைக்கப்பட்டது நடுத்தர எதிரிகளுக்காக. 50 ஹெல்த் உள்ள, எதிரிப் படையான காம்பைனின் சிப்பாய் சாதாரண நிலையில் ஒரே குண்டில் விழுவான். 70 ஹெல்த் உள்ள, வெள்ளை உடையும் ஒற்றைச் சிவப்புக் கண்ணும் கொண்ட எலைட்டும் அப்படியே. அவன் ஒருவனை எஸ்எம்ஜியால் வீழ்த்த 18 குண்டு பட வேண்டும். அத்தனையும் படுவதற்குள் அவன் நம்மைப் பாதியாக்கிவிடுவான்.

நானும் முதல் முறை பொத்தித்தான் வைத்தேன். ஆட்டத்தின் ரேவன்ஹோம் கட்டத்தில் வைத்தேன், நோவா பிராஸ்பெக்டில் வைத்தேன், சிட்டி 17 தெருச்சண்டைகளிலும் வைத்தேன். கடைசிக் கட்டமான சிட்டடெல் கோபுரத்துக்குள் நுழையும்போது சிலிண்டரில் 6, கையிருப்பில் 18, முழுசாக இருந்தது. விளையாடியவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ஆயுதங்களைப் பறிக்கும் அந்த அறையில் எல்லாமே ஒவ்வொன்றாக மிதந்து எரிந்து மறையும். கிராவிட்டி கன் மட்டும் நீலமாகி நம் கைக்கு வரும். என் 24 தோட்டாக்களும் ஒன்றுகூடச் சுடப்படாமல் போயின. அன்று எனக்கு இருந்தது ஏமாற்றம் இல்லை, வருத்தம். நோவா பிராஸ்பெக்டின் சிறைக்கூடங்களில் எத்தனை முறை செத்து மறுபடி தொடங்கினேன் என்பது ஞாபகம் வந்தது. அத்தனை முறையும் இந்தத் துப்பாக்கி என்னிடம் இருந்தது.

அதற்குப் பிறகு என் விளையாட்டே மாறியது. கதவைத் திறந்ததும் உள்ளே நான்கு பேர் என்றால், ஷாட்கன் வைத்திருப்பவன் யார் என்று முதலில் பார்ப்பேன். கிட்டே வந்தால் ஆபத்து அவன்தான். அவனுக்கு ஒரு மேக்னம் குண்டு, அப்புறம் மற்றவர்களுக்கு எஸ்எம்ஜி. கூரைமேல் எலைட் தெரிந்தால் ஒன்று. விஷ ஜாம்பிக்கு 175 ஹெல்த், மூன்று குண்டு. அது முதுகில் சுமந்திருக்கும் கறுப்புக் கவ்விகளை எறிய ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட்டால் மூன்றும் நல்ல செலவு. கடின நிலையில் நம் டேமேஜ் முக்கால் பங்காகக் குறைவதால் 75 என்பது 56 ஆகும். சிப்பாய் அப்போதும் ஒரே குண்டில் விழுவான், எலைட்டுக்கு மட்டும் தலையைக் குறிபார்க்க வேண்டும். மேன்ஹேக், தலைக்கவ்வி, பார்னக்கிள் போன்ற சின்ன எதிரிகள் எதிலும் இதை வீணாக்குவதில்லை. அவற்றுக்கு குரோபார் கடப்பாறையே தாராளம்.

இந்த மாதம் மறுபடி ஒரு முறை முழுதாக விளையாடினேன். ஆயுதம் பறிக்கும் அறைக்குப் போய் நின்றபோது சிலிண்டரில் இரண்டு இருந்தது, கையிருப்பில் எதுவும் இல்லை. கதவு திறப்பதற்கு முன் அந்த இரண்டையும் சுவரில் சுட்டுவிட்டு உள்ளே போனேன்.